பொதுச் சுவர்

வெப்பக் கேமராவுக்கு முகம் தெரியாது.
மூக்கு நுனி நீலம், கண்ணோரம் மஞ்சள்,
அவ்வளவுதான் நீங்கள்.

டர்பன், சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட், மேட்டுத் தெரு.
நகராட்சி கட்டிய இரட்டை வீடுகள்.
இரண்டுக்கும் ஒரே கூரை, நடுவில் ஒற்றைக்கல் சுவர்.
உச்சியில் ஆஸ்பெஸ்டாஸ். அதற்கும் தலைக்கும் நடுவே
ஒன்றும் கிடையாது.
கட்டியவர்கள் சீலிங்கை மறந்துவிடவில்லை.
யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை
நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

தயாளன் மூட்லி கதவைத் திறந்தார்.
கையில் மின்சார டோக்கன் சீட்டுகள்,
ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு செங்கல் கனத்துக்கு.
"காசு எந்த வழியாப் போகுதுன்னு மட்டும் காட்டு, வெலோஷினி."

காட்டினேன்.
ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஊதா விரல்கள்.
கதவடியில் ஜூலைக் குளிர்
நாய்போல் உள்ளே தலையை நீட்டிப் படுத்திருந்தது.
கீசர் தன் சூட்டையெல்லாம்
பல்லிகளுக்குத் தானம் செய்துகொண்டிருந்தது.
பிப்ரவரியில் இதே அறை
இரவு இரண்டு மணிக்கும் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லையாம்.
ஈரத்துண்டை விரித்துத் தரையில் படுத்தாராம்.
வானிலை மாறிவிட்டது, வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

சீலிங் பலகை, மேலே கம்பளிப் பஞ்சு.
கீசருக்குப் போர்வை.
கூரையைத் துளைக்கக் கூடாது, அரம் வைக்கக் கூடாது,
மூடிச் சீல் வைத்து வெள்ளை பூச வேண்டும்.
எழுதிக்கொண்டே வந்தவள்
பொதுச் சுவரில் நின்றேன்.

இடுப்புயரத்தில் ஓர் ஆரஞ்சு வட்டம்.
கைவைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.
அதன் கீழே ஒரு நாற்காலி,
முதுகைச் சுவரில் சாய்த்து.

"அந்தப் பக்கம் தம்பி. குணசீலன்.
அவன் பொண்டாட்டி ஆர்டருக்கு பிஸ்கட் சுடுவா."
காலையில் மூட்டும் அடுப்பு,
கல்லுக்குள் மெல்ல நடந்து
மதியம் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேரும்.
பேச்சு நின்று பதினோரு வருஷம்.
கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு
யார் காசு கொடுப்பது என்று தொடங்கியது.
குழாய் வெள்ளத்தில் போய்விட்டது.
சண்டை போகவில்லை.

"இதுக்கும் பஞ்சு வைக்கலாம் அண்ணா,
கோடையில் சூடு வராது."

அவர் சீட்டுக்கட்டை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றினார்.
"போன வருஷம் மூணு நாள் சுவர் ஜில்லுன்னு இருந்துச்சு.
அவன் ஆஸ்பத்திரியில கெடந்தான்.
எனக்கு யாரும் சொல்லல."
பிறகு,
"பிப்ரவரியில நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கறேன்."

படிவத்தில் இரண்டே பத்திகள்.
இழப்பு. சேமிப்பு.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றுவிட்டு
அந்த வரியை வெறுமையாக விட்டேன்.
மேலதிகாரி கேட்டால்
கேமராவில் பேட்டரி தீர்ந்தது என்பேன்.

மூன்று வாரம் கழித்து வெள்ளையடித்தார்கள்.
திட்டத்தில் பெயர் கொடுத்தது ஒரு பாதி மட்டும்.
தெம்பின்கோஸி கூரை நடுவே நூல் பிடித்து
சரியாகக் கோட்டில் நிறுத்தினார்:
இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் சாம்பல்.
கீழே இறங்கித் தேநீர் குடிக்கையில்
மேலே தடதடவென்று சத்தம்.
குரங்குகள். எட்டோ ஒன்பதோ.

ஏணியில் ஏறிப் பார்த்தோம்.
ஈரப் பூச்சை மிதித்து
நூலைத் தாண்டி
தம்பி வீட்டுச் சாம்பல் முழுக்க
குட்டிக் குட்டி வெள்ளைக் கைகள்.

குணசீலன் வாசலுக்கு வந்தார்.
அண்ணாந்து பார்த்தார்.
எங்கள் யாரிடமும் இல்லாமல்,
கூரையிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"இதுக்கு எவ்வளவு ஆகும்?"

இந்தப் பக்கம்
நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.